ரெக்கவர், ரின்யூ, ரெஸ்டோர்: அரபியில் எந்த வினையைப் போடுவது?

ஆங்கிலத்தில் 'ரி' என்று தொடங்கும் வினையைப் பார்த்ததும் அரபியில் 'இஆதத்' (மறுபடி செய்தல்) போட்டு, பின்னால் ஒரு தொழிற்பெயரை ஒட்டிவிடுவது மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருபவர்களின் பழக்கம். சில இடங்களில் அது சரிதான். போரில் இடிந்த ஊரைத் திரும்பக் கட்டினால் இஆதத்துல் இஅமார், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் இஆதத்துத் தஷ்கீல். ஆனால் பாஸ்போர்ட் ரின்யூவலுக்கு 'இஆதத் தஜ்தீத்' என்று எழுதிவிடாதீர்கள். புதுப்பிப்பது தஜ்தீதிலேயே இருக்கிறது. வளைகுடாவில் இகாமா (குடியிருப்பு அனுமதி) எடுத்த எவரைக் கேட்டாலும் 'தஜ்தீதுல் இகாமா' என்று வெறுமனே சொல்வார்.

அகராதியைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் யோசித்து, தன்வினையா பிறவினையா என்று பாருங்கள். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே ரின்யூ, ஒரே ரெக்கவர் என்று ஓட்டிவிடும். திரும்பு–திருப்பு, திருந்து–திருத்து என்று பிரித்துப் பழகிய நமக்கு அந்த வேறுபாடு உடனே பிடிபடும், அரபியும் அதை வினையின் அச்சை, அதாவது சொல்லின் வார்ப்பை, மாற்றித்தான் காட்டுகிறது. ஜத்தத என்றால் ஒருவர் ஒன்றைப் புதுப்பித்தார். முன்னால் 'த' சேர்த்துத் தஜத்தத என்றால் அது தானாகவே புதுப்பித்துக்கொண்டது. ஆகவே 'உங்கள் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்' என்ற ஆப் வாசகத்துக்கு யதஜத்தது போதும். அதே மாதிரி அன்அஷ, பொருளாதாரத்துக்கு உயிரூட்டினார். இன்தஅஷ, பொருளாதாரம் தானே தெம்பு பெற்றது. (நின்றுபோன இதயத்தை அழுத்தி இயங்கவைக்கும் முதலுதவிக்கும் இதே வேரிலிருந்து இன்ஆஷ் என்றுதான் பெயர்.)

தலைவலி ரெக்கவரில்தான். நோயிலிருந்தா, மயக்கத்திலிருந்தா, இல்லை தொலைத்ததைத் திரும்பப் பெற்றதா? நோய் என்றால் தஆஃபா, கூடவே 'மின்' (இலிருந்து) வரும்: தஆஃபல் மரீளு மினல் ஜிராஹா, நோயாளி அறுவை சிகிச்சையிலிருந்து தேறினார். ஷுஃபியவும் உண்டு, ஆனால் அது செயப்பாட்டு வினை, 'குணமாக்கப்பட்டார்'. அதை ஷஃபா என்று செய்வினையாக்கி நோயாளியை எழுவாயாக வைத்தால், அவர் வேறு யாரையோ குணப்படுத்தினார் என்றாகிவிடும். எழுத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடைசி எழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி, அவ்வளவுதான். எகிப்தில் அச்சிட்டதில் அந்தப் புள்ளியையும் பெரும்பாலும் போடமாட்டார்கள், அங்கே சூழலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மூன்றாவதாகச் செய்திகளில் அடிக்கடி வரும் 'தமாஸல லிஷ்ஷிஃபா'. இது தேறிவருகிறார் என்பதற்கு, தேறிவிட்டார் என்பதற்கு இல்லை. மருத்துவ அறிக்கையில் இதை மாற்றிப் போட்டால் வம்பு. மயக்க மருந்து தெளிவது தனிக் கணக்கு, அதற்கு அஃபாக. ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ரெக்கவரி ரூமின் பெயரும் குர்ஃபத்துல் இஃபாகாதான்.

தஆஃபாவின் வேரிலிருந்து வரும் ஆஃபியா நமக்கெல்லாம் காதில் விழுந்த சொல். வேலை செய்துகொண்டிருப்பவரிடம் 'அல்லாஹ் யஅத்தீக்கல் ஆஃபியா' என்று வளைகுடாவிலும் ஷாமிலும் (சிரியா, லெபனான் பக்கம்) வாழ்த்துவார்கள், 'அல்லாஹ் உங்களுக்கு ஆரோக்கியம் தரட்டும்' என்று பொருள். மொராக்கோ பேச்சுவழக்கில் ஆஃபியா என்றால் நெருப்பு. அங்கே போய் வாழ்த்தினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தொலைத்ததைத் திரும்பப் பெறுவதற்கு 'இஸ்த' அச்சு. இஸ்திக்ஃபார் (பாவமன்னிப்புத் தேடுதல்) என்ற சொல் தெரிந்தவர்களுக்கு இந்த அச்சில் ஒரு தேடல் இருப்பது தெரியும். இஸ்தஆத பொதுவானது: நினைவு, சுயநினைவு, டேட்டா, இழந்த நிலம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பணம், உரிமை என்றால் இஸ்தரத்த இன்னும் கச்சிதம். ஆன்லைன் கடைகளில் ரீஃபண்ட் என்பது இஸ்திர்தாத்தான். கடன்காரரிடம் வசூலிப்பதை வங்கி ரெக்கவரி என்று சொன்னாலும் அரபியில் தஹ்ஸீல். சவூதியில் நடுரோட்டில் நின்ற காரை ஏற்றிப்போகும் ரெக்கவரி வண்டி சத்ஹா, அங்கே எந்த வினையும் தேட வேண்டாம்.

ரெஸ்டோர், ரிவைவ் இரண்டையும் பிரிக்க ஈராக்கின் மோசூல் நகரைப் பாருங்கள். நூரி பள்ளிவாசலும் அதன் சாய்ந்த ஹத்பா மினாராவும் 2017இல் தகர்க்கப்பட்டன. 2018இல் யுனெஸ்கோ தொடங்கிய திட்டத்தின் பெயர் 'இஹ்யா ரூஹில் மவ்ஸில்', மோசூலின் ஆன்மாவை உயிர்ப்பித்தல். ஆன்மாவுக்கு இஹ்யா. சேதமான பழைய வீட்டைச் செப்பனிட்டால் தர்மீம், இல்லாமலே போனதை எழுப்பினால் இஆதத்துல் பினா. பழைய கட்டடம் ஒன்றுக்கு நீங்கள் இஹ்யா போட்டால் கவிதை மாதிரி இருக்கும், டெண்டர் ஆவணத்தில் யாரும் ஏற்கமாட்டார்கள்.

ரெஸ்யூமுக்கு இஸ்தஅனஃப. பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கினால் இதுதான். ஆனால் பின்னால் தீர்ப்பு என்று வந்துவிட்டால் அதே வினை மேல்முறையீடு செய்தார் என்று பொருள்படும், ஆகவே நீதிமன்றச் செய்தியில் எழுவாயையும் செயப்படுபொருளையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

அப்புறம் 'தம்ம' நோய். 'தம்ம தஜ்தீதுல் அக்த்', அதாவது ஒப்பந்தத்தின் புதுப்பித்தல் நிறைவுற்றது. நாளிதழ்களில் கொட்டிக் கிடக்கிறது, தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் பத்திக்குப் பத்தி வந்தால் நம் அரசாணைத் தமிழ் போலச் சலிக்கும். 'ஜுத்தித' என்று ஒரே சொல்லில் செயப்பாட்டு வினையாக முடித்துவிடுங்கள். முதல் எழுத்தின் மேல் ளம்மா குறியை (உகர ஒலியைக் காட்டுவது) போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வாசிப்பவர் ஜத்தத என்று படித்துவிட்டு யார் புதுப்பித்தது என்று தேடிக்கொண்டிருப்பார்.