சேல்ஸ்ஃபோர்ஸில் பல நாணயங்களை அமைப்பது எப்படி?

திருப்பூரிலிருந்து பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம் அமெரிக்காவுக்கு டாலரிலும், ஜெர்மனிக்கு யூரோவிலும், இங்கிலாந்துக்குப் பவுண்டிலும், ஜப்பானுக்கு யென்னிலும் விலை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காலாண்டில் கைக்கு வரவிருக்கும் ஆர்டர்களின் மொத்த மதிப்பு எவ்வளவு என்று உரிமையாளர் கேட்டால், பதில் ரூபாயில் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அந்த எண்ணை வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள், அதாவது சிஆர்எம், தானே தருவதற்காகத்தான் பல நாணய வசதி இருக்கிறது. பரவலாகப் பயன்படும் சேல்ஸ்ஃபோர்ஸை முன்வைத்து இக்கட்டுரை அதை விளக்குகிறது. திரையில் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. ஒரு தொகையை எந்தத் தேதியின் மாற்று விகிதத்தில் ரூபாயாக்குவது என்ற முடிவே கடினமானது. நிதிப் பிரிவையும் விற்பனைப் பிரிவையும் உட்காரவைத்து அதை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது.

இயக்குவதற்கு முன்

சேல்ஸ்ஃபோர்ஸில் பல நாணய வசதியை ஒருமுறை இயக்கிவிட்டால் பிறகு நிறுத்தவே முடியாது. ஆகவே நேரடிப் பயன்பாட்டில் உள்ள தளத்தில் கைவைப்பதற்கு முன், சோதனைக்கான சாண்ட்பாக்ஸில் இயக்கிப் பார்த்து, ரிப்போர்ட்டுகள், ஃபார்முலாக்கள், பிற மென்பொருள்களுடனான இணைப்புகள் எல்லாம் சரியாக நடக்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வசதி இயக்கப்படும் நொடியில், ஏற்கெனவே உள்ள எல்லாப் பதிவுகளுக்கும் நிறுவனத்தின் இயல்புநிலை நாணயமே முத்திரையாகக் குத்தப்படும். ஒரே நாணயம் இருந்த காலத்தில் விற்பனையாளர் ஒருவர் தொகைப் பெட்டியில் 50,000 என்று எழுதிவிட்டு, அது டாலர் என்பதைக் குறிப்புப் பகுதியில் மட்டும் சொல்லியிருந்தால், அந்தப் பதிவு இனி ஐம்பதாயிரம் ரூபாய் ஆர்டராக நிற்கும். இப்படிப்பட்ட பதிவுகளை முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்தால், இயக்கிய பிறகு அவற்றின் நாணயத்தை மட்டும் மாற்றித் திருத்திவிடலாம். ஒரு பதிவின் நாணயத்தை மாற்றும்போது சேல்ஸ்ஃபோர்ஸ் எண்ணை மாற்றுவதில்லை. ரூபாய் டாலராகுமே தவிர 50,000 அப்படியே இருக்கும். இங்கே உதவும் இதே குணம், பிற்பாடு ஒருவர் கைதவறி நாணயத்தை மாற்றினால் பெரும் பிழையாகவும் முடியும்.

மூன்றாவது, அடிப்படை நாணயம். சேல்ஸ்ஃபோர்ஸ் இதைக் கார்ப்பரேட் கரன்சி என்றும், சோஹோ சிஆர்எம் ஹோம் கரன்சி என்றும் அழைக்கின்றன. நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்கள் எந்த நாணயத்தில் எழுதப்படுகின்றனவோ அதையே வைத்துக்கொள்வதுதான் முறை. ஏற்றுமதியில் பெரும்பங்கு டாலரில்தான் நடக்கிறது என்பதற்காக டாலரை அடிப்படையாக்கினால், தணிக்கையாளரிடம் போகும் ஒவ்வொரு எண்ணையும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். சேல்ஸ்ஃபோர்ஸில் அடிப்படை நாணயத்தைப் பின்னர் மாற்ற இடமுண்டு, ஆனால் எல்லா விகிதங்களையும் மீண்டும் உள்ளிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365 என்ற சிஆர்எம்மைப் பயன்படுத்துவோர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். அங்கே அடிப்படை நாணயம் தளத்தை உருவாக்கும்போதே நிலைத்துவிடுகிறது.

இயக்கும் முறை

செட்டப் பகுதியில் கம்பெனி இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்து, எடிட் பொத்தானை அழுத்தி, ஆக்டிவேட் மல்டிபிள் கரன்சீஸ் என்ற கட்டத்தில் குறியிட்டுச் சேமிக்க வேண்டும். பதிவுகள் நிறைய இருந்தால் பயனர்கள் வேலை செய்யாத விடுமுறை நாளில் செய்வது உசிதம். அதன்பின் மேனேஜ் கரன்சீஸ் பக்கத்தில் தேவையான நாணயங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் மாற்று விகிதத்தையும் தசம இடங்களையும் தர வேண்டும். யென்னுக்குத் தசம இடம் தேவையில்லை. குவைத் தினாருக்கு மூன்று வேண்டும். டாலர், யூரோ, ரூபாய்க்கு இரண்டு போதும்.

விகிதத்தை எழுதும் திசையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அடிப்படை நாணயத்தின் ஓர் அலகுக்கு அந்நிய நாணயம் எவ்வளவு என்பதையே சேல்ஸ்ஃபோர்ஸ் கேட்கிறது. நாம் பேச்சில் சொல்வது இதற்கு நேர்மாறானது: டாலர் 80 ரூபாய் என்போம், ரூபாய் 0.0125 டாலர் என்று யாரும் சொல்வதில்லை. ரூபாயை அடிப்படையாக வைத்தவர் பெட்டியில் 80 என்று எழுதிவிட்டால், ஐம்பதாயிரம் டாலர் ஆர்டரின் மதிப்பு வெறும் 625 ரூபாய் என்று காட்டும். இது கண்ணில் பட்டுவிடும் பிழை. கண்ணில் படாத பிழை தசமத்தில் ஒளிந்திருக்கிறது. கணக்குக்காக ஒரு யூரோ 90 ரூபாய் என்று கொண்டால் விகிதம் 0.011111. அதைச் சுருக்கி 0.011 என்று எழுதினால் யூரோ 90.91 ரூபாயாகிவிடும், ஒரு லட்சம் யூரோ ஆர்டரில் சுமார் 90,900 ரூபாய் கூடுதலாகத் தெரியும். ஆறு தசம இடம் வரை எழுதினால் அதே ஆர்டரில் வித்தியாசம் நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது.

விகிதத்தை எங்கிருந்து எடுப்பது என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி முன்பு வெளியிட்டுவந்த குறியீட்டு விகிதங்களை 2018 ஜூலை முதல் எஃப்பிஐஎல் (ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா) நிறுவனம் கணக்கிட்டு வெளியிடுகிறது. டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகிய நான்கும் அதில் உண்டு. யென்னுக்கு மட்டும் நூறு யென்னுக்கு இத்தனை ரூபாய் என்று இருக்கும் என்பதை மறந்தால் கணக்கு நூறு மடங்கு பிசகும். சுங்கத்துறை அறிவிக்கும் விகிதம் வரி மதிப்பீட்டுக்கானது, அதிலும் இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் வெவ்வேறு எண்கள் உண்டு. அதை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை.

எந்தத் தேதியின் விகிதம்?

வேறொன்றும் செய்யாமல் விட்டால், சேல்ஸ்ஃபோர்ஸ் ஒரு நாணயத்துக்கு ஒரே ஒரு விகிதத்தை மட்டும் வைத்திருக்கும். அதை மாற்றியவுடன் எல்லாப் பதிவுகளின் ரூபாய் மதிப்பும் மாறும், முடிந்துபோன ஆர்டர்களும் இதற்கு விலக்கல்ல. டாலர் 80 ரூபாயாக இருந்தபோது வென்ற ஐம்பதாயிரம் டாலர் ஆர்டர் அன்று 40 லட்சம் ரூபாய். விகிதத்தை டாலருக்கு 84 ரூபாய் என்று புதுப்பித்தால் அதுவே 42 லட்சமாகிவிடும். சென்ற ஆண்டின் விற்பனை அறிக்கையை இன்று எடுத்தால், ஒரு சட்டைகூடக் கூடுதலாக விற்காமலே விற்பனை ஏறியிருக்கும். ஊக்கத்தொகை இந்த எண்ணை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்றால் சச்சரவுக்குக் குறைவிருக்காது.

இதற்குத் தீர்வாக அட்வான்ஸ்டு கரன்சி மேனேஜ்மென்ட் என்ற கூடுதல் வசதி இருக்கிறது. இதை இயக்கினால் காலவரம்போடு விகிதங்களை உள்ளிடலாம்: ஏப்ரலுக்கு ஒன்று, மே மாதத்துக்கு ஒன்று என்றபடி. ஓர் ஆப்பர்ச்சுனிட்டியின், அதாவது ஒரு விற்பனை வாய்ப்புக்கான பதிவின், முடிவுத் தேதி எந்தக் காலத்துக்குள் விழுகிறதோ அந்தக் காலத்தின் விகிதமே அதற்குப் பொருந்தும். மாதம் ஒருமுறை, முதல் வேலைநாளில் விகிதத்தை மாற்றுவது பெரும்பாலான நிறுவனங்களுக்குப் போதுமானது என்பது என் கருத்து. நாள்தோறும் மாற்றினால் காலையில் பார்த்த எண் மறுநாள் இருக்காது. விற்பனை நிலவரம் மாறியதா, விகிதம் மாறியதா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.

ஆனால் இந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. தேதிவாரி விகிதங்கள் ஆப்பர்ச்சுனிட்டிக்கும் அதைச் சார்ந்த பொருள் வரிகளுக்கும் அவற்றின் ரிப்போர்ட்டுகளுக்கும்தான் பொருந்தும். நீங்களே உருவாக்கிய பிற பதிவு வகைகளில் பழையபடி ஒற்றை விகிதமே செல்லும். மேலும், ஒரு வாடிக்கையாளரின் கணக்குப் பக்கத்தில் அவருடைய ஆர்டர்களின் மொத்தத் தொகையைக் காட்டும் ரோல்-அப் சம்மரி புலங்கள் (தகவல் பெட்டிகள்) இதை இயக்கியபின் செல்லாதவையாகிவிடும். அந்தப் புலங்களை நம்பி ரிப்போர்ட்டுகள் கட்டியிருந்தால், மாற்று ஏற்பாட்டைச் சாண்ட்பாக்ஸிலேயே முடித்துவிட்டுத்தான் இயக்க வேண்டும்.

பயனர், விலைப்பட்டியல், ஒப்புதல்

ஒவ்வொரு பயனருக்கும் ஒரு நாணயம் உண்டு. அவர் உருவாக்கும் புதிய பதிவு அந்த நாணயத்திலேயே தொடங்கும். ஐரோப்பிய வாடிக்கையாளர்களைப் பார்க்கும் ஊழியருக்கு யூரோவை வைத்துவிட்டால் பாதிப் பிழைகள் பிறப்பதற்கு முன்பே நின்றுவிடும். பக்க வடிவமைப்பில் நாணயப் புலத்தைத் தொகைக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள்.

விலைப்பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு நாணயத்திலும் தனித்தனி விலை பதிய வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸ் ரூபாய் விலையிலிருந்து டாலர் விலையைத் தானாகக் கணக்கிட்டுத் தராது, அது நல்லதும்கூட, ஏனெனில் வாங்குபவரிடம் சொல்லும் விலை பேரத்தில் முடிவாவது. பொருள்களைச் சேர்த்த பிறகு ஆப்பர்ச்சுனிட்டியின் நாணயத்தை மாற்ற முடியாது என்பதை விற்பனைக் குழுவுக்கு முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாத இடம் ஒப்புதல் விதிகளும் சரிபார்ப்பு விதிகளும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆர்டருக்கு மேலாளர் ஒப்புதல் வேண்டும் என்று ஃபார்முலாவில் வெறும் எண்ணை எழுதியிருந்தால், அது அந்தந்தப் பதிவின் நாணயத்திலேயே ஒப்பிடப்படும். ஐம்பதாயிரம் டாலர் ஆர்டர், அதாவது 40 லட்சம் ரூபாய், தடையின்றிக் கடந்துபோகும். அதன் மதிப்பில் சிறு பங்கே உள்ள பதினோரு லட்சம் யென் ஆர்டர் மாட்டிக்கொள்ளும். ஃபார்முலாவில் கரன்சிரேட் என்ற செயற்கூறு தரும் விகிதத்தால் தொகையை வகுத்து, ரூபாயாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். பட்டியல் வடிகட்டிகளில் எண்ணுக்கு முன்னால் மூன்றெழுத்து நாணயக் குறியீட்டைச் சேர்த்து எழுதலாம்.

வெளியிலிருந்து சிஎஸ்வி கோப்பாக (எக்செல்லிலிருந்து சேமிக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) பதிவுகளை ஏற்றும்போது நாணயக் குறியீட்டுக்கென ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும். அது இல்லையென்றால், கோப்பை ஏற்றுபவரின் நாணயம் எல்லா வரிகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். ரிப்போர்ட்டுகளில் மூலத் தொகை, மாற்றிய தொகை என்று இரு பத்திகள் கிடைக்கும். மொத்தம் கூட்டுவதற்கு மாற்றிய தொகையையே எடுக்க வேண்டும்.

சேர்த்த நாணயத்தை நீக்க முடியாது, செயலிழக்க மட்டுமே செய்யலாம். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று குனாவை விட்டு யூரோவுக்கு மாறியபோது இது நடைமுறையில் தேவைப்பட்டது. செயலிழந்த நாணயத்தில் உள்ள பழைய பதிவுகளின் தொகை மாறாது, புதிய பதிவுகளுக்கு மட்டும் அந்த நாணயம் கிடைக்காது.

சிஆர்எம் காட்டும் ரூபாய் மதிப்பு நிர்வாகத்துக்கான மதிப்பீடு மட்டுமே. பணம் வங்கிக்கு வந்து சேரும் நாளில் வங்கி தரும் விகிதமும் கட்டணமும் வேறாக இருக்கும். அந்த உண்மைத் தொகை கணக்கு மென்பொருளில் பதிவாக வேண்டும். இரண்டையும் ஒப்பிட விரும்பினால், வங்கியில் வரவான ரூபாயைக் கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்து, ஆப்பர்ச்சுனிட்டியில் ஒரு சாதாரண எண் புலத்தில் எழுதுங்கள். நாணயப் புலத்தில் எழுதினால் சேல்ஸ்ஃபோர்ஸ் அதையும் டாலர் என்று எடுத்துக்கொண்டு மறுபடி ரூபாயாக மாற்றிக் காட்டும்.