தின்னவேலியில் கம்பியூட்டர், நெல்லியடியில் நான்

2022 ஆனி மாதம் பெற்றோல் வரிசையில் நின்று கால் கடுத்தபோதுதான் கந்தோர்க் கம்பியூட்டரை வீட்டிலிருந்தே இயக்கப் பழகியே தீருவது என்று முடிவெடுத்தேன். வீடு நெல்லியடியில், வேலை தின்னவேலியில் பல்கலைக்கழகத்துக்குள். (தமிழ்நாட்டுத் திருநெல்வேலி அல்ல, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. எங்கள் வாயில் அது தின்னவேலி.) நான் ஒரு துறையில் முகாமைத்துவ உதவியாளர். புள்ளிப் பட்டியல், வரவுப் பதிவு, கடிதங்கள் எல்லாம் என் மேசைக் கம்பியூட்டரில் கிடக்கின்றன. பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளின் புள்ளிகள் பஸ்ஸில் தொலைந்தால் யார் பதில் சொல்வது? ஃபைல் அங்கேயே இருக்கட்டும், நான் மட்டும் இங்கிருந்து போய் வருவோம் என்று நினைத்தேன்.

வீட்டில் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. கந்தோரில் செய்ய வேண்டியதற்குத்தான் ஒரு முழுப் பின்னேரம் தேவை. அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒன்றும் நடக்காது.

முதலில் கந்தோர்க் கம்பியூட்டரில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட். புரோ, என்டர்பிரைஸ், எடியுகேஷன் என்று இருந்தால் சரி. ஹோம் என்றால் அந்த இயந்திரத்துக்குள் இந்த முறையில் நுழைய முடியாது. வீட்டு லப்டொப்பில் ஹோம் இருப்பது பரவாயில்லை, அது போகிற பக்கம்தானே.

அதே சிஸ்டம் பகுதியில் றிமோட் டெஸ்க்டொப் என்று ஒன்று இருக்கும், தூரத்திலிருந்து உள்ளே வர விடுவது அதுதான், அதை ஒன் செய்யுங்கள். உங்கள் கணக்குக்கு அட்மின் உரிமை இல்லாவிட்டால், கணினிப் பிரிவில் உள்ளவர்தான் அதைச் செய்து உங்கள் பெயரையும் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கேட்கும்போதே விபிஎன் (வெளியிலிருந்து பல்கலைக்கழக வலையமைப்புக்குள் போகும் பாதுகாப்பான வழி) கணக்கையும், உங்கள் கம்பியூட்டருக்கு மாறாத ஒரு ஐபி முகவரியையும் (வலையமைப்பில் அதன் இலக்கம்) சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஐபி தானாக மாறினால், திங்கள் போன வழி புதன் அடைபட்டிருக்கும்.

பிறகு கறுப்புத் திரையான கொமாண்ட் புரொம்ப்டைத் திறந்து, ஐபிகொன்ஃபிக் (ipconfig) என்று அடித்தால் முகவரி வரும். ஹூ ஆம் ஐ என்ற மூன்றையும் இடைவெளியில்லாமல் (whoami) அடித்தால் உங்கள் பயனர் பெயர் முழுதாக வரும். இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாஸ்வேட்டை மட்டும் எழுதாதீர்கள்.

பாஸ்வேட் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் தினமும் நாலு இலக்கப் பின் நம்பரை அடித்தே உள்ளே போய்ப் பழகியவள். வீட்டிலிருந்து அதே நம்பரை எத்தனையோ தரம் அடித்துப் பார்த்தேன், ஏற்கவே இல்லை. பின் நம்பர் அந்த ஒரு இயந்திரத்துக்கு முன்னால் இருந்து அடிப்பதற்கு மட்டும். தூரத்திலிருந்து வருகிறவருக்குக் கணக்கின் உண்மையான பாஸ்வேட் வேண்டும். அது மறந்திருந்தால் கந்தோரில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். பாஸ்வேட்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வெளியிலிருந்து விடாது.

அடுத்தது நித்திரை. பவர் பகுதியில் ஸ்லீப்புக்கு நெவர் என்று வையுங்கள். திரை அணையலாம், பெட்டி தூங்கக் கூடாது. என் முதல் சனிக்கிழமை இதனால்தான் வீணாய்ப் போனது.

இரண்டாவது சனிக்கிழமையை மின்வெட்டு கொண்டுபோனது. கரண்ட் திரும்பி வந்தது, கம்பியூட்டர் வரவில்லை. கடைசியில் காவலுக்கு நின்ற தம்பிக்குப் போன் எடுத்து, "தம்பி, குறை நினைக்காதேங்கோ, என்ர மேசைக்குக் கீழ இருக்கிற பெட்டியின்ர பொத்தானை ஒருக்கா அமத்திவிடுங்கோ" என்று கேட்டேன். ஒவ்வொரு கிழமையும் அப்படிக் கேட்க முடியுமா? இதற்கு வழி பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்க முன் வரும் கம்பியூட்டரின் அடிப்படை அமைப்பில், இருக்கிறது. கம்பியூட்டர் எழும்பும்போது எஃப்2 அல்லது டிலீட் விசையை அமத்தினால் பெரும்பாலும் அந்தத் திரை வரும். கரண்ட் (அங்கே ஏசி பவர் என்று இருக்கும்) போய்த் திரும்பினால் என்ன செய்வது என்ற தெரிவைத் தேடி, பவர் ஒன் என்று மாற்றுங்கள். பெயர் இயந்திரத்துக்கு இயந்திரம் கொஞ்சம் மாறும். கைவைக்கப் பயமென்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் இருந்தால் நல்லது, ஆனால் அது சில நிமிடத்துக்குத்தான் தாங்கும்.

சரி, இனி வீடு. முதலில் விபிஎன், அதன்பிறகுதான் மற்றது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அமத்தி, வருகிற பெட்டியில் mstsc என்ற ஐந்து எழுத்தை அடியுங்கள். ஐபியையும் பயனர் பெயரையும் கொடுங்கள். சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று முதல் தரம் எச்சரிக்கும். காட்டுவது உங்கள் கம்பியூட்டரின் பெயர்தானா என்று பார்த்துவிட்டு ஓம் சொல்லுங்கள். போன் டேட்டாவில் வேலை செய்கிறீர்களென்றால், இணைய முன் ஷோ ஒப்ஷன்ஸைத் திறந்து நிறத்தை 16 பிட் ஆக்கி, பின்னணிப் படத்தை நிறுத்திவிடுங்கள். இழுபறி நன்றாகக் குறையும்.

நீங்கள் உள்ளே இருக்கும் நேரம் கந்தோர்த் திரை பூட்டியே இருக்கும், புள்ளிகளை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. எழுத்துருவும் அங்கேயுள்ளதுதான். பழைய கடிதங்கள் பாமினியில் இருந்தால், வீட்டு லப்டொப்பில் பாமினி இல்லாவிட்டாலும் ஒழுங்காகத் தெரியும். கன்ட்ரோல், ஓல்ட், டிலீட் மூன்றையும் அமத்தினால் உங்கள் லப்டொப்தான் கேட்கும். அங்கே கேட்க வேண்டுமானால் டிலீட்டுக்குப் பதில் எண்ட்.

விபிஎன் கிடைக்கச் சுணங்குகிறது என்று சிலர் ரவுட்டரில் றிமோட் டெஸ்க்டொப் வந்துபோகும் 3389 என்ற கதவை (போர்ட்) நேரே இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். செய்யவே வேண்டாம். அந்தக் கதவைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே உலகம் முழுக்க நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2019இல் புளூகீப் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, பழைய விண்டோஸ்களுக்குள் பாஸ்வேட் இல்லாமலே நுழையலாம் என்ற நிலை இருந்தது. இதே வேலையைச் செய்யும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற மென்பொருள்கள் சுலபம்தான், ஆனால் அவை தனிப்பட்ட பாவனைக்கு மட்டுமே இலவசம். கந்தோர் வேலைக்கு என்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை கந்தோரை விட்டு இறங்க முன்னரே சோதியுங்கள். லப்டொப்பைக் கந்தோர் வைஃபையில் போட்டுச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள், உள்ளுக்குள் இருந்து எல்லாமே வேலை செய்யும். போனின் ஹொட்ஸ்பொட்டில் போட்டு விபிஎன் வழியாக வாருங்கள்.

வேலை முடிந்ததும் மேலே உள்ள பெருக்கல் குறியை அமத்தினால் இணைப்பு மட்டும் அறும், திறந்த ஃபைல்கள் அப்படியே இருக்கும். சைன் அவுட் செய்தால் எல்லாம் மூடும். ஷட் டவுன் பக்கம் கையே போகக் கூடாது, பயோஸில் மாற்றியது அதற்கு உதவாது. அப்புறம், விபிஎன்னையும் நிறுத்திவிடுங்கள். அமைப்பைப் பொறுத்து லப்டொப்பின் இணையம் முழுவதும் பல்கலைக்கழகம் வழியாகவே போகலாம், என் வீட்டிலோ நான் எழும்பினதும் அதே லப்டொப்பில் மகன் கேம் விளையாட உட்கார்ந்துவிடுவான்.