பெற்றோர் கமிட்டித் தேர்தலில் கட்சி புகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஆந்திரத்தில் சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்) தேர்தலுக்கே கட்சிச் சின்னம் கிடையாது. ஆனாலும் யார் எந்தக் கட்சியின் ஆள் என்பது ஊருக்குத் தெரியும். 2019இல் தொடங்கிய நாடு-நேடு என்ற அரசுப் பள்ளிச் சீரமைப்புத் திட்டத்தின் பணிகள் பெற்றோர் கமிட்டி வழியாக நடந்து, பணமும் அதன் கைவழியே போனதிலிருந்து கமிட்டி சேர்மன் பதவி மீதும் கட்சிகளின் கண் விழுந்துவிட்டது.

அமெரிக்காவின் புளோரிடாவில், பள்ளி வாரியத் தேர்தலைக் கட்சி அடிப்படையில் நடத்தலாமா என்று 2024 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 55 சதவீத ஆதரவு கிடைத்தும், 60 சதவீதம் தேவைப்பட்டதால் அது தோற்றது. அங்கே வாரியம் சொத்து வரியையும் பாடநூல்களையும் தீர்மானிப்பதால், வேட்பாளரின் கட்சி தெரியட்டும் என்ற வாதத்துக்கு ஓரளவு பொருள் உண்டு. நம் கமிட்டிக்கு அந்த அதிகாரங்கள் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அதற்குத் தந்திருப்பது பள்ளியைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் வகுப்பது, மானியம் செலவாகும் விதத்தைக் கவனிப்பது ஆகிய வேலைகளே. இவற்றில் கட்சிக்கு என்ன வேலை?

தேர்தல் அறிவிப்பு வந்தவுடன், ஒவ்வொரு வகுப்புப் பெற்றோரும் தனித்தனியே கூடிப் பேசுங்கள். வகுப்புக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கமிட்டியில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பவர்லூமில் இரவு வேலை பார்ப்பவர் எத்தனை நல்லவராயினும் பகல் கூட்டத்துக்கு வர இயலுமா என்று கேட்டுவிடுங்கள். தமிழ்ப் பாடநூல் எந்த மாதம் வந்தது, எந்தப் பாடத்துக்குத் தமிழில் நடத்தும் ஆசிரியர் இல்லை, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று ஒரு தாளில் எழுதி, நிற்பவர் ஒவ்வொருவரையும் அதற்குப் பதில் சொல்ல வையுங்கள். பதில் சொல்ல முடியாதவர் யாருடைய ஆளாக இருந்தாலும் வேண்டாம்.

பெரும்பாலும் கையை உயர்த்தித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வாசலில் கட்சிக்காரர் நிற்கும்போது, கூலிக்குப் போகும் தாய் எப்படித் தன் மனம்போலக் கையை உயர்த்துவாள்? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் வெளியிலிருந்து வந்த பெயர்ப் பட்டியலையே படித்து முடித்தார்கள். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. ஆகையால் ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்றும், அறைக்குள் பெற்றோர் அல்லாதார் இருக்கக் கூடாது என்றும் பலர் கையெழுத்திட்டுத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். அதன் நகலை மண்டலக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள்.

தீர்மானப் புத்தகம் தெலுங்கில் எழுதப்படும். நம் தாய்மார் பலருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. தேர்தல் நாளிலும் அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும், எழுதியதை ஒருவர் தமிழில் உரக்கச் சொன்ன பிறகே கையெழுத்திடுங்கள். வங்கிக் கணக்கு விவரத்தையும் அப்போதே கேட்டு வாங்கிப் பாருங்கள்.