ஆங்கில வினையில் நாம் வழுக்கும் இடங்கள்

சிங்கப்பூர்த் தமிழர்களின் ஆங்கிலத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம்: "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்." பேசுபவருக்கு இதில் பிழையே தெரியாது. காரணம், "பத்து வருஷமா இங்க இருக்கேன்" என்பது நல்ல தமிழ். முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதைச் சொல்ல நமக்கு நிகழ்காலமே போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. "ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்றுதான் சொல்ல வேண்டும். எவ்வளவு காலம் என்பதற்கு 'ஃபார்'; எப்போதிருந்து என்பதற்கு 'சின்ஸ்'.

எம்ஆர்டி ரயிலை வைத்தே இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கலாம். "தி எம்ஆர்டி ஸ்டார்ட்டட் இன் 1987": தொடங்கியது அன்றோடு முடிந்த செய்தி. "இட் ஹேஸ் பீன் ரன்னிங் சின்ஸ் 1987": இன்றும் ஓடுகிறது. ஆண்டு ஒன்றுதான், வினை வேறு.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. "நேத்தே அனுப்பியிருக்கேன்" என்ற பழக்கத்தில் "ஐ ஹேவ் சென்ட் தி இமெயில் யெஸ்டர்டே" என்று அலுவலகத்தில் எழுதிவிடுகிறோம். நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரத்தைக் குறித்துவிட்டால் 'ஹேவ்' வரக்கூடாது. "ஐ சென்ட் இட் யெஸ்டர்டே", அவ்வளவுதான்.

அடுத்தது இந்த ஊருக்கே உரிய சிக்கல். "ஐ ஈட் ஆல்ரெடி", "ஐ நெவர் பிரிங் மை புக் டுடே." செயல் முடிந்ததைக் காட்டும் சீனத்தின் 'லெ', மலாயின் 'சுடா' ஆகியவற்றின் தாக்கத்தால், சிங்கிலிஷில், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில், வினை மாறாமல் நிற்க 'ஆல்ரெடி' காலத்தைச் சுமக்கிறது. காப்பிக் கடையில் அது நம் எல்லாருக்கும் பொதுவான பேச்சு. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ கட்டுரைத் தாளில் "ஐ ஹேவ் ஈட்டன்", "ஐ டிடின்ட் பிரிங்" என்றே எழுத வேண்டும். பிள்ளையைத் திட்டுவதைவிட, "இதையே டீச்சருக்கு எழுதினா எப்படி எழுதுவே?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் தாங்களே திருத்திச் சொல்வார்கள்.

'வரும்போது' என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'வரும்' எதிர்காலம்போல ஒலிப்பதால் "வென் ஐ வில் கம் ஹோம், ஐ வில் கால் யூ" என்று வந்துவிடுகிறது. 'வென்' பகுதியில் 'வில்' வேண்டாம். "வென் ஐ கம் ஹோம்" என்பதே சரி. 'டிட்' வந்தபின் 'வென்ட்' வராது, 'கோ'தான். "ஐ ஆம் நோயிங்" என்பதும் கிடையாது, "ஐ நோ" போதும்.

தொடக்கநிலைப் பிள்ளைகளின் கம்போவில் (ஆங்கிலக் கட்டுரையில்) எனக்கு மிகவும் கவலை தருவது கதை நடுவே காலம் தாவுவதுதான். "கதவைத் திறந்தேன், பார்க்கிறேன், யாருமே இல்லை!" என்று தமிழில் கதை சொன்னால் சுவை கூடும். ஆங்கிலக் கட்டுரையில் "ஐ ஓப்பன்ட் தி டோர் அண்ட் ஐ ஸீ நோபடி" என்பது பிழையாகவே எண்ணப்படும். கதை முழுவதும் 'ஓப்பன்ட்', 'ஸா' என இறந்தகாலத்திலேயே போகட்டும். மேற்கோளுக்குள் வரும் பேச்சுக்கு மட்டும் விலக்கு. எழுதி முடித்ததும் வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு வரிசையாகப் படிக்கச் சொல்லுங்கள். தாவிய இடம் பிள்ளையின் கண்ணிலேயே படும்.