யானைக்கால்: வீக்கத்தைக் கூட்டும் தவறுகள்

யானைக்கால் என்றதும் கொசுவையும் புழுவையும்தான் எல்லோரும் பேசுகிறோம். அது சரிதான். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும்போது உடம்புக்குள் போகும் இளம்புழு, நிணநீர்க் குழாய்களில் வளர்ந்து ஆறு முதல் எட்டு வருடம் அங்கேயே வாழ்கிறது. ஆனால் வீங்கிய கால் வருடத்துக்கு வருடம் இன்னும் பெருத்துக்கொண்டே போவதற்கு முக்கியக் காரணம், தோல் வெடிப்பு வழியாகத் திரும்பத் திரும்ப நுழையும் பாக்டீரியா. இது தெரியாததால்தான் பலர் மாத்திரையைத் தேடி அலைகிறார்கள், விரலிடுக்கைக் கவனிப்பதில்லை.

திசுக்களில் கசியும் நீரில் ரத்தக்குழாய்கள் இழுத்துக்கொண்டது போக மிஞ்சுவதைத்தான் நிணநீர்க் குழாய்கள் சேகரிக்கின்றன. நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் வரும். வழியில் நிணநீர் முடிச்சுகளில் கிருமிகள் வடிகட்டப்பட்டு, கழுத்தடியில் இருக்கும் பெரிய சிரைகளில் அது போய்ச் சேர்கிறது. இதற்கென்று இதயம் மாதிரி ஒரு பம்ப் கிடையாது. குழாய்கள் தாமாகச் சுருங்குவதும் நம் தசை அசைவும்தான் மேலே தள்ளுகின்றன. புழு தங்கிய குழாய் விரிந்து, அதன் வால்வுகள் கெட்டுப்போனால், நீர் காலிலேயே தேங்கிவிடும். தேங்கிய இடத்தில் கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறைவு. ஒரு சின்னச் சேற்றுப்புண் போதும், குளிர்காய்ச்சலும் தொடையிடுக்கில் நெறிகட்டுவதும் வந்துவிடும். அப்படி ஒவ்வொரு முறை வரும்போதும் இன்னும் சில குழாய்கள் கெடுகின்றன.

அதனால் காலைத் துணியால் மூடிவைத்து, தண்ணீர் படாமல் காப்பது பெரிய தவறு. தினமும் சாதாரணத் தண்ணீரும் சோப்பும் போட்டு மென்மையாகக் கழுவ வேண்டும். கழுவுவதைவிட முக்கியம் துடைப்பது: விரலிடுக்கிலும் தோல் மடிப்பிலும் ஈரம் துளிகூட நிற்கக்கூடாது. சேற்றுப்புண் இருந்தால் டாக்டர் சொல்லும் பூஞ்சைக் களிம்பைப் போடுங்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

காய்ச்சல் வந்து கால் சிவந்து கொதிக்கும் நாட்களில்தான் கைவைத்தியம் அதிகம் நடக்கிறது. வெந்நீர் ஒத்தடம், பிளேடால் கீறி நீர் எடுப்பது, பச்சிலையை அரைத்துக் கட்டுவது எல்லாமே ஆபத்து. குளிர்ந்த ஈரத்துணி போட்டு, காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுத்துவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படும். இந்த நாட்களில் மட்டும் பயிற்சியும் இறுக்கக் கட்டும் வேண்டாம்.

மற்ற நாட்களில் நடக்காமல் உட்கார்ந்தே இருப்பதும் தவறுதான். பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், படுக்கையில் காலை உயர்த்தி வைப்பதும் நிணநீரை நகர்த்தும். இதய நோய் இருப்பவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். சிலர் கடையில் நீர் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். அது சிறுநீரைக் கூட்டுமே தவிர, தேங்கிய நிணநீரில் உள்ள புரதத்தை வெளியேற்றாது. அப்புறம், இந்தப் புழுவுக்காகக் கொடுக்கும் டிஇசி மாத்திரை. அது பெரிய புழுக்கள் ஈன்று ரத்தத்தில் விடும் நுண்புழுக்களைக் கொல்லும், பெரிய புழுக்களில் ஒரு பகுதியையும் கொல்லும். முற்றிய வீக்கத்தை வற்றவைக்காது.

"எனக்குத்தான் நோய் இல்லையே" என்று, சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து கொடுக்கும் யானைக்கால் தடுப்பு மாத்திரையை வாங்கி அலமாரியில் வைப்பது என்னை ரொம்பவே வருத்தும் விஷயம். எந்த அறிகுறியும் இல்லாதவர் ரத்தத்திலும் நுண்புழு இருக்கலாம், அவரைக் கடித்த கொசு பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அதைக் கொண்டுபோகலாம். மாத்திரை போட்டதும் சிலருக்கு வரும் லேசான காய்ச்சலும் தலைவலியும் பெரும்பாலும் நுண்புழுக்கள் சாவதால் வருபவை. இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையான நோயில் இருப்பவர்கள் மட்டும் இதைச் சாப்பிடக்கூடாது. இலங்கை 2016இல் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததற்கு, மக்கள் மாத்திரையை விழுங்கியது ஒரு முக்கியக் காரணம்.

பகலில் ரத்தம் கொடுத்துவிட்டு, 'புழு இல்லை' என்று நிம்மதி அடைவதும் சரியல்ல. நம் ஊர்ப் பக்கம் இருக்கும் வகை நுண்புழு இரவில்தான் ரத்த ஓட்டத்துக்கு வரும். அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வந்து ரத்தத்துளி எடுக்கிறார்கள்.

ஆண்கள் விரைவீக்கத்தை, அதாவது விதைப்பையில் நீர் கோத்து வீங்குவதை, வெட்கப்பட்டு மறைப்பதும் இதே நோயில் நடக்கிறது. காலைப்போல அதை ஆயுள் முழுக்கப் பராமரிக்க வேண்டியதில்லை, அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகிவிடும். அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம்.