சேவற்கொடி இணையத்தில் பறக்க: வெக்டர் படத்தை வளைக்கும் முறை

தைப்பூசம் நெருங்கினால் பினாங்குக் கடைகளின் இணையப் பக்கங்களில் வேலும் மயிலும் ஏறிவிடும். தண்ணீர்மலைக்குக் கிளம்புகிறவர் கைபேசியில் பார்க்கும் அந்தப் பக்கத்தில் ஒரு சேவற்கொடி காற்றில் ஆடினால் எவ்வளவு அழகு! ஆனால் பல இடங்களில் கொடி விறைத்த அட்டைபோல்தான் ஆடுகிறது. புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து வரையும் வெக்டர் படத்தில், வளைவதற்குப் போதிய புள்ளிகள் இல்லாததே காரணம்.

கொடியின் நீளம் 300 அலகு, உயரம் 200 என்று வைத்துக்கொள்வோம். மேல் விளிம்பு ஒரு நேர்க்கோடு. இரு முனையிலும் இரண்டே புள்ளிகள். அவற்றை எப்படி நகர்த்தினாலும் இடையில் கோடு நேராகவே நிற்கும். சேவலுக்கோ நிறையப் புள்ளிகள் இருப்பதால் அது மட்டும் நெளியும். துணியை விட்டுக் கழன்று மிதப்பதுபோல் தெரியும்.

ஆகவே முதல் வேலை புள்ளி சேர்ப்பது. இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரையும் மென்பொருளில் ‘ஆட் நோட்ஸ்’ என்ற எக்ஸ்டென்ஷனைத் திறந்து, ஒரு துண்டின் அதிகபட்ச நீளத்தை அலையின் நீளத்தில் எட்டில் ஒரு பங்காக வையுங்கள். 240 அலகு அலைக்கு 30. பிறகு எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், யு அழுத்தி நேர்த்துண்டுகளை வளைவுகளாக்குங்கள். இதைத் தவறவிட்டால் அலை முறிந்து முறிந்து தெரியும்.

‘வேலும் மயிலும் துணை’ என்று எழுத்து இருந்தால், புள்ளி சேர்க்குமுன் அதைப் பாத்தாக, அதாவது புள்ளிகளும் கோடுகளுமான வடிவமாக, மாற்ற வேண்டும். மாற்றுவதற்குமுன் ‘வே’, ‘ணை’ இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள்: கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கிறதா? இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு வரைகலை மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை இயக்காவிட்டால் கொம்பு பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பாத்தான பிறகு அதைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது.

இனி கணக்கு. கம்பத்திலிருந்து ஒரு புள்ளி இருக்கும் தூரத்தை எடுத்து, அதை மேலும் கீழும் இவ்வளவு நகர்த்துங்கள்:

12 × (தூரம் ÷ 300) × சைன்(360° × (தூரம் ÷ 240 − நேரம் ÷ 2.4))

நடுவிலுள்ள பெருக்கல்தான் கொடியைக் கம்பத்தில் கட்டிவைக்கிறது: கம்பத்தருகே அசைவு பூஜ்யம், நுனியில் 12 அலகு. கழித்தல் குறியைக் கூட்டலாக்கினால் அலை நுனியிலிருந்து கம்பத்தை நோக்கி ஓடும். காற்று பின்னோக்கி அடிப்பதுபோல் இருக்கும். 2.4 நொடியில் ஒரு சுற்று முடிந்து தையல் தெரியாமல் திரும்பத் தொடங்கும். ஒவ்வொரு புள்ளியிலும் வளைவின் போக்கைத் தீர்மானிக்கும் ஹேண்டில்களுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். புள்ளியை மட்டும் நகர்த்தி ஹேண்டிலை விட்டுவிட்டால் ஒவ்வொரு புள்ளியிலும் முடிச்சு விழும்.

இணையத்துக்கான வெக்டர் கோப்பு வடிவம் எஸ்விஜி. பக்கத்துக்குள்ளேயே அதை ஒட்டினால், ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (அசைவின் ஒவ்வொரு நிலைக்கும்) இதைக் கணக்கிடலாம். சில நூறு புள்ளிகள் கைபேசிக்குப் பாரமில்லை. சாதாரணப் படமாக இணைத்தால் எஸ்விஜிக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடாது. அப்போது ஃபிரேம்களை முன்கூட்டியே கணக்கிட்டு, எஸ்விஜியின் சொந்த ‘அனிமேட்’ டேக்கில் அடுக்க வேண்டும். எல்லா ஃபிரேமிலும் பாத்தை வரையும் கட்டளைகளின் வகையும் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்று பிசகினாலும் படம் சீராக நெளியாமல் தாவும். கடைசி ஃபிரேம் முதல் ஃபிரேமின் நகலாக இருக்க வேண்டும்.

எத்தனை ஃபிரேம்? இங்கேதான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். இரண்டு ஃபிரேமுக்கு இடையே உலாவி புள்ளிகளை நேர்க்கோட்டில் நகர்த்துவதால் அலை இடைவழியில் சற்றுத் தணியும். சுற்றுக்கு 4 ஃபிரேம் என்றால் உயரம் 71 விழுக்காட்டுக்கு இறங்கி ஏறும். கொடி மூச்சு வாங்குவதுபோல் தெரியும். 8 என்றால் 92, 12 என்றால் 97. பன்னிரண்டு போதும். எண்களை ஒரு தசம இடத்தோடு நிறுத்தினால் 80 வளைவுள்ள சேவல் சுமார் 37 கேபி வரும். சர்வர் சுருக்கி அனுப்பும்போது இன்னும் குறையும்.

சிவப்புத் துணியும் மஞ்சள் கரையும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் விழுந்தால், அந்த இரு விளிம்புகளிலும் புள்ளிகள் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன என்று பொருள். சிவப்பை மஞ்சளுக்கு அடியில் 3 அலகு நீட்டிவிடுங்கள். அலை உச்சியில் நுனி வெட்டுப்பட்டால் வியூபாக்ஸை, அதாவது எஸ்விஜியில் தெரியும் பகுதியின் எல்லையை, மேலும் கீழும் 15 அலகு பெரிதாக்குங்கள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைபட மென்பொருளில் பப்பட் பின், வேவ் வார்ப் என்னும் வளைக்கும் எஃபெக்ட்களைப் போட்டு, லாட்டி என்ற இணைய அசைபடக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வழியை நம்ப வேண்டாம். அந்த எஃபெக்ட்கள் லாட்டிக்குள் வராது; பாத்தின் கீஃபிரேம்கள் (குறிப்பிட்ட நேரங்களில் பதிந்த வடிவங்கள்) தான் வரும். எஸ்விஜியின் டிஸ்பிளேஸ்மென்ட் ஃபில்டர் எளிது என்றாலும், அது வரைந்து முடித்த பிக்சல்களை நகர்த்துவதால் எழுத்தின் விளிம்பு அரித்துப்போகும்.

அசைவைக் கண்டால் தலைசுற்றும் சிலர் கைபேசியில் அசைவைக் குறைத்து வைத்திருப்பார்கள். ‘பிக்சர்’ டேக்கில் அந்த அமைப்புக்கென அசையாத எஸ்விஜி ஒன்றைக் கொடுங்கள். அதற்குத் தட்டையான மூலப்படத்தைப் போடாமல், அலை நன்றாக எழும்பிய ஃபிரேம் ஒன்றை எடுத்துப் போடுங்கள். நின்றாலும் காற்றில் விரிந்த கொடியாகவே இருக்கும்.