பிரியா விகார் மலைக்கோயில்: தவறான நாட்டுக்குப் போய்த் திரும்பியவன் சொல்லும் வழி

முதலில் ஒரு எச்சரிக்கை. நான் போய்வந்தது 2025க்கு முன்பு. அந்த ஆண்டு ஜூலையிலும் மறுபடி டிசம்பரிலும் கம்போடியாவும் தாய்லாந்தும் இந்தக் கோயில் இருக்கும் தங்கள் எல்லையில் சண்டை போட்டன. கோயில் திறந்திருக்கிறதா என்று கம்போடிய நகரமான சியெம் ரீப்பில் விசாரிக்காமல் கிளம்பாதீர்கள். மூடியிருந்தால் அங்கோர் வாட் பார்த்துவிட்டு ஊர் திரும்புங்கள், குறைந்துவிடாது.

1. எந்த நாடு வழியாக?

நான் சறுக்கிய இடம் இதுதான். கோயில் வடக்குப் பார்த்தது, படிக்கட்டு தாய்லாந்துப் பக்கம்தான் இறங்குகிறது. பழைய கையேடு ஒன்றை நம்பி தாய்லாந்தின் சிசாகெட் மாகாணம் வழியாகப் போனேன். மோ இ டேங் பாறை விளிம்பில் நின்று பைனாகுலரில் கோபுரத்தைப் பார்த்ததோடு சரி. யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 2008இல் தகராறு முற்றி, அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.

கோயில் கம்போடியாவுக்கே என்று சர்வதேச நீதிமன்றம் 1962இலேயே சொல்லிவிட்டது. நீர்ப்பிரிமேடுதான், அதாவது மழைநீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடும் மேடுதான், எல்லை என்பது ஒப்பந்தம். அதன்படி கோயில் தனக்கே என்றது தாய்லாந்து. அப்போது கம்போடியாவை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் வரைந்த வரைபடமோ கோயிலைக் கம்போடியாவுக்குள் காட்டியது. தாய்லாந்து பல வருடம் அதை மறுக்காமல் இருந்தது வழக்கில் வினையாகிவிட்டது.

ஆக, கம்போடிய விசா, சியெம் ரீப் வழி.

2. இரவு எங்கே?

சியெம் ரீப்பிலிருந்து சுமார் 200 கி.மீ. ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அடிவாரத்துக்குப் பக்கத்து ஊரான ஸ்ரா எம்மில் தங்கி, வெயில் ஏறுமுன் மலைக்குப் போங்கள்.

3. டிக்கெட்

அடிவாரத்திலேயே வாங்கவேண்டும், பாஸ்போர்ட் கட்டாயம். நான் போனபோது 10 டாலர். சில்லறை நோட்டாக, கிழிசல் இல்லாமல் வையுங்கள். ஓரத்தில் நகக்கண் அளவு கிழிந்திருந்த என் நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

4. மலை ஏற்றம்

அப்போது பைக் 5 டாலர், பிக்கப் வண்டி 25. தனியாள் என்றால் பைக்தான் என் கட்சி. கடைசி ஏற்றம் செங்குத்து. பின்கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

5. உள்ளே

800 மீட்டர் நீளத்துக்கு ஐந்து கோபுரங்கள். நம்மூர் ராஜகோபுரத்தை எதிர்பார்க்காதீர்கள், இவை தாழ்ந்த வாசல் மண்டபங்கள். சிகரேஸ்வரர் என்ற பெயரில் சிவன் இருந்த கோயில். ஏறும்போது இரண்டாவதாக வரும் கோபுர வாசலில் (மேலிருந்து எண்ணினால் நான்காவது) பாற்கடல் கடையும் சிற்பம் இருக்கிறது, நின்று பாருங்கள். பலர் கருவறையோடு திரும்பிவிடுகிறார்கள். பக்கவாட்டில் சுற்றிப் பின்னால் போனால் மலை சட்டென்று முடிந்து, கீழே கம்போடியச் சமவெளி முழுதும் விரியும்.

பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ணிவெடிக்கானது.

பின்சேர்க்கை: “வயதான அம்மாவை அழைத்துப் போகலாமா?” என்று இரண்டு பேர் கேட்டார்கள். பிக்கப்பில் மேலே வரை போய்விடலாம். அதற்கப்புறம் மேடு பள்ளமான கல்லில் நடைதான். முட்டிவலி இருந்தால் ஏறும்போது முதலில் வரும் கோபுரத்தில் உட்காரவையுங்கள்.